ஹூஸ்டன் கிளம்பும் முன் சேலத்தில் கார் பழகலாமா? ஒரு டிரைவிங் ஸ்கூல் விமர்சனம்

வீட்டுக்காரருக்கு ஹூஸ்டனில் வேலை, கூடவே நீங்களும் கிளம்புகிறீர்கள், கார் ஓட்டத் தெரியாது என்றால், பெட்டி கட்டுவதற்கு முன் சேலத்திலேயே ஏதாவது ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிடுங்கள். நான் கட்டியது அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன இடம். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, போக்குவரத்துச் சின்னங்கள் போட்ட வெளுத்துப்போன சார்ட், வாசலில் எல் போர்டு மாட்டிய பழைய ஆல்டோ. பெயரைப் போட வேண்டாம் என்று மாஸ்டரே கேட்டுக்கொண்டார். இப்போது வருகிற ஆட்களுக்கே வண்டி பத்தவில்லையாம். பரவாயில்லை. சேலத்தில் எந்த ஸ்கூலுக்குப் போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் முக்கியம். என் சித்தி பொண்ணும் அதே ஊருக்குக் கிளம்புகிறாள், தினமும் போன் போட்டு இதையேதான் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதை எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் ஆகும்.

கார் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு புரிந்துகொள்வது கஷ்டம். கன்னங்குறிச்சியில் இருந்தவரை எனக்குக் கார் தேவைப்பட்டதே இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் பழைய பஸ் ஸ்டாண்டு. 2021க்குப் பிறகு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. கொத்தமல்லி தெருமுனையில் கிடைக்கும், பால் வாசலுக்கே வரும். நாங்கள் போய்ச் சேர்ந்த கேட்டி, ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 30 மைல். ஏறக்குறைய இங்கிருந்து மேட்டூர் போகிற தூரம். ஆனால் வழியில் வயல், தோப்பு என்று எதுவும் வராது. வீடு, கடை, கார் நிறுத்துமிடம், மறுபடியும் வீடு, கடை என்றே போகும். ஹூஸ்டனையும் கேட்டியையும் இணைக்கிற ஐ-10 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்தில் கேட்டி ஃப்ரீவே என்று பெயர். 2008ல் அதை அகலப்படுத்தி முடித்தார்கள். இரண்டு பக்கத்துச் சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்து எண்ணினால் அகலமான இடத்தில் 26 லேன் வரும்.

எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் நின்றால் மளிகைக்கடை போர்டு கண்ணுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? நடுவில் ஆறு லேன் ரோடு. நடைபாதை பாதி வழியில் முடிந்து புல்லாகிவிடும். ஜூலை வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். யாராவது காரை ஓரங்கட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும். பஸ்ஸே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு 'பார்க் அண்டு ரைடு' பஸ் உண்டு, நல்ல பஸ்தான். அதைப் பிடிப்பதற்கே முதலில் காரில் போக வேண்டும்.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக, போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தனியாக அனுமதி வாங்காத வரை வேலைக்குப் போக முடியாது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் தர மாட்டார்கள். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் தருவார்கள். அங்கே தங்க அனுமதி இருக்கிற வரைக்கும்தான் என்றாலும், உங்கள் பெயர் போட்டு அந்த ஊர் கொடுக்கிற முதல் அட்டை பெரும்பாலும் அதுதான்.

சரி, ஸ்கூலுக்கு வருவோம்.

மாஸ்டர் சங்ககிரிக்காரர். லாரியில் வட நாடெல்லாம் சுற்றிவிட்டு வயதான பிறகு ஸ்கூல் வைத்தவர். எல்லோரையும் 'கண்ணு' என்பார். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் 'அம்மணி'. கத்த மாட்டார். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெண் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தாலே பக்கத்திலிருந்து சத்தம் போடுகிற மாஸ்டர்களைப் பற்றி என் சிநேகிதிகளிடம் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். இவர் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கைக் காட்டி, "பயப்படாத கண்ணு, நிறுத்தறது எங்கிட்டயும் இருக்கு" என்பதோடு சரி. பணம் கட்டும் முன் ஒரு நாள் பின் சீட்டில் உட்கார்ந்து, மாஸ்டர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்லித் தருகிறார் என்று பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆரம்பம் மூக்கனேரிப் பக்கம், விடிந்தும் விடியாத நேரத்தில். தினம் அரை மணி நேரம். ஹாஃப் கிளட்ச், முதல் கியர், இரண்டாவது கியர், வண்டி ஆஃப் ஆவது, மறுபடியும் ஹாஃப் கிளட்ச். இதில் பாதி எனக்கு வீண் என்றுதான் சொல்வேன். கேட்டியில் கிளட்ச் உள்ள காரை நான் பார்த்ததே அபூர்வம், எல்லாம் ஆட்டோமேட்டிக். உங்கள் ஸ்கூலில் ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால், ஃபீஸ் கொஞ்சம் கூடினாலும் அதையே கேளுங்கள். மிச்சமாகிற நேரத்தை ரிவர்ஸுக்குக் கொடுங்கள்.

ரிவர்ஸில்தான் மாஸ்டர் கெட்டிக்காரர். சின்னக்கடை வீதிப் பக்கம், கடை திறக்கும் முன், நிற்கிற இரண்டு 'சின்ன யானை' சரக்கு வண்டிகளுக்கு நடுவில் ஆல்டோவைப் பின்னாலேயே சொருகச் சொல்வார். கண்ணாடியில் பின் வண்டியின் எந்த மூலை தெரியும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், எப்போது நேராக்க வேண்டும் என்று கணக்காகச் சொல்லுவார். ஹூஸ்டன் இருக்கிற டெக்சாஸ் மாநிலத்து டெஸ்டில் பேரலல் பார்க்கிங் உண்டு. அதிலேயே நிறையப் பேர் திணறுகிறார்கள். டெஸ்டில் நட்டு வைத்திருந்த கம்பங்களுக்கு நடுவில் விட்ட இடத்தைப் பார்த்தபோது, சின்னக்கடை வீதிக்காரர்கள் இதில் கல்யாணமே நடத்திவிடுவார்களே என்று நினைத்துக்கொண்டேன். கட்டிய ஃபீஸ் இந்த ஒரு பாடத்துக்கே செரித்தது.

லைசென்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அவசரப்படுகிறார்கள். எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழிந்த பிறகுதான் ஆர்.டி.ஓ. டெஸ்ட். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு இன்டர்நேஷனல் பர்மிட், அதற்கு அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். புதிதாகக் குடிவந்தவர் சொந்த நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு டெக்சாஸில் 90 நாள் வரை ஓட்டலாம். அதற்குள் அந்த மாநில லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், தென் கொரியா மாதிரி சில நாட்டு லைசென்ஸ்காரர்களுக்கு டெஸ்டில் சலுகை உண்டு. நமக்குக் கிடையாது. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதித்தான் ஆக வேண்டும். 25 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஓட்டும் டெஸ்டுக்கு முன் ஒரு மணி நேர வீடியோ ஒன்றைப் பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 18 முதல் 24 வயது வரை என்றால் ஆறு மணி நேர வகுப்பே கட்டாயம். லைசென்ஸ் கட்டணம் 33 டாலர். அரசு அலுவலகத்தில் டெஸ்டுக்குத் தேதி கிடைப்பது தாமதமாகும். அனுமதி பெற்ற தனியார் டிரைவிங் ஸ்கூல்களும் டெஸ்ட் வைக்கலாம், காசு கூட ஆனாலும் சீக்கிரம் முடியும். ஆக, விசா வந்த பிறகு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மூன்று மாதமாவது முன்னால் எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள்.

அங்கே போய்ப் பழகினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். கேட்டியில் ஒரு மணி நேரப் பாடத்துக்குக் கேட்ட தொகையில் இங்கே முக்கால்வாசி கோர்ஸ் முடிந்துவிடும். தவிர, வீட்டுக்காரர் சொல்லிக் கொடுப்பார் என்று நம்பாதீர்கள். அவரும் அப்போதுதான் வலது பக்கம் ஓட்டப் பழகிக்கொண்டிருப்பார், வண்டி வேறு புதிது, இன்சூரன்ஸ் வேறு ஏற்கெனவே அதிகம். சத்தம் வராமல் இருக்காது.

இனி குறைகள். சின்னச் சின்னதாக நிறைய உண்டு. டிரைவர் சீட் முன்னே பின்னே நகராது, உயரம் குறைந்தவர்கள் தலையணை கொண்டுபோக வேண்டும். ஏசி இருக்கும், போட மாட்டார். ஆறரை என்றால் ஆறே முக்காலுக்கு வண்டி வரும். சுவரில் தொங்குகிற சார்ட்டை யாரும் யாருக்கும் விளக்கிப் பார்த்ததில்லை. இதெல்லாம் போகட்டும்.

நிற்கச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதுதான் பெரிய குறை. சேலத்து நாற்சந்தியில் நாம் என்ன செய்கிறோம்? வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம், ஹாரன் அடிக்கிறோம், எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்கிறோம், அவர் தயங்கினால் நாம் போகிறோம். மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான், இங்கே அதுதான் சரி. கேட்டியில் குடியிருப்புகளுக்குள் நாலு பக்கமும் ஸ்டாப் பலகை வைத்த சந்திப்புகள் நிறைய. சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் வலது பக்கத்தில் இருப்பவருக்கு வழி. யாருமே இல்லாவிட்டாலும் நின்றுதான் போக வேண்டும். மெதுவாக உருண்டு போனால் டெஸ்டில் அது பிழை. ஹாரன் அடித்தால் திட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும், அதுவும் பக்கத்தில் இருக்கும் தேர்வாளருக்குத் தெரிகிற மாதிரி.

பள்ளிப் பேருந்து சமாச்சாரம் தனி. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றால், எதிர்த்திசையில் வருகிறவர்களும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருக்கிற ரோட்டில் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. தாண்டிப் போனால் அபராதம் 500 டாலரிலிருந்து ஆரம்பம். அப்புறம் ஃப்ரீவே பக்கத்துச் சர்வீஸ் ரோடு, ஹூஸ்டனில் அதை 'ஃபீடர்' என்பார்கள். ஃப்ரீவேயிலிருந்து இறங்கி வருகிற வண்டிக்கு ஃபீடரில் போகிறவர்தான் வழி விட வேண்டும். அவர்கள் வருகிற வேகத்தைப் பார்த்தால் சட்டமே தேவையில்லை, தானாக விட்டுவிடுவோம்.

லீவுக்கு வந்தபோது மாஸ்டரைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை.

"போலீசு இல்லாமயா நிக்கறாங்க?"

"ஆமாங்க மாஸ்டர்."

"ராத்திரிலயுமா? ஆருமே இல்லாட்டியுமா?"

"ஆமாங்க."

"அப்ப வண்டி எப்பத்தான் ஊரு போயிச் சேரும்?"

ஆனால் மறுநாளே ஒரு யோசனையோடு வந்தார். அயோத்தியாப்பட்டணம் தாண்டி மனைப்பிரிவுகள் நிறைய இருக்கின்றன, பாதி மனைகள் விற்காமல் கிடக்கும். குறுக்கும் நெடுக்குமாகத் தார் ரோடு, எல்லைக்கல், ஆடு மேய்க்கிறவர்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு நாற்சந்தியில் நாலு பக்கமும் செங்கல் வைத்து, ஆல்டோவையும் இன்னொரு வண்டியையும் எதிரெதிராக ஓட்டிவந்து, யார் முதலில் நின்றது, யார் முதலில் போக வேண்டும் என்று சித்தி பொண்ணுக்குப் பழக்கினோம். ரோட்டின் வலது பக்கம் ஓட்டிப் பார்க்கவும் அதுதான் இடம். வேறு எங்கேயாவது செய்தால் நேராக ஸ்டேஷன்தான். நீங்கள் எந்த ஸ்கூலில் சேர்ந்தாலும் கடைசி வாரத்தை இப்படி ஒரு மனைப்பிரிவில் கேட்டு வாங்குங்கள். பெட்ரோலுக்குத் தனியாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தையும் விடாதீர்கள். 2020ல் திறந்த பாலம். இறக்கத்தில் வந்து, கீழே ஓடுகிற வண்டிகளோடு வேகம் குறையாமல் கலக்க வேண்டிய இடம் சேலத்துக்குள் அது ஒன்றுதான் கொஞ்சம் ஃப்ரீவே மாதிரி. கூட்டம் இல்லாத காலையில் மேலே ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுங்கள். ஓமலூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலும் ஒரு நடை போகலாம். ஒரே லேனில் கோடு தாண்டாமல் ஓட்டிப் பழக அந்த ரோடு போதும்.

இன்னொன்றும் செய்யலாம், செலவில்லாதது. மாஸ்டர் ஓட்டும்போது அவருக்கு இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வண்டி ரோட்டில் எங்கே இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். அங்கே ஸ்டியரிங் அந்தப் பக்கத்தில்தான். கண் முன்கூட்டியே பழகிவிடும். கை பழகாது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இண்டிகேட்டர் குச்சி அங்கே இடது கையில் இருக்கும், நம்மூர் வண்டியில் ஓட்டினவர்கள் முதல் மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைப் போடுவார்கள். மழையே இல்லாத நாளில் வைப்பர் ஆடுகிற வண்டியைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரர் என்று கையசைக்கலாம்.

காசு கொடுக்க வேண்டாத ஒன்று, 'ஏற்காடு ஸ்பெஷல்'. கோர்ஸ் முடிகிற சமயத்தில் 1500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றி இறக்குவார்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விடு, இறக்கத்தில் இரண்டாவது கியர், வளைவில் ஹாரன் என்று அருமையாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார், நானும் அனுபவித்துத்தான் ஓட்டினேன், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் ஆயிற்று. ஆனால் ஹூஸ்டன் மேடு பள்ளமே இல்லாத சமதரை ஊர். பாலம் ஏறினால்தான் மேடு. அந்த 1500க்கு மனைப்பிரிவில் இன்னும் இரண்டு காலை வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கு லீவில் வரும்போது அப்பா ஓட்டட்டும்.

டிரைவிங் ஸ்கூல் விமர்சனத்தில் வீட்டைப் பற்றி ஏன் என்று கேட்காதீர்கள், இரண்டும் ஒன்றுதான். எவ்வளவு பழகிக்கொண்டு போனாலும் அங்கே லைசென்ஸ் கைக்கு வந்து, இரண்டாவது கார் வாங்கும் வரை வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள். கம்பெனி ஏற்பாடு செய்து கொடுத்த ரீலொகேஷன் ஆலோசகர் எங்களுக்கு நீச்சல் குளம், ஜிம், நாய் குளிப்பாட்டும் அறை எல்லாம் காட்டினார். நடந்தே போகிற தூரத்தில் கடை இருக்கிறதா என்ற கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. குளத்தைப் பார்க்காமல், பெரிய ரோட்டைக் கடக்காமல் நடந்து போகக்கூடிய ஒரு கடை, பிள்ளைகள் இருந்தால் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், இந்த இரண்டையும் மேப்பில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டு முகவரியை வைத்துத்தான் அரசுப் பள்ளியே முடிவாகும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்கள் நிரம்பி, அவற்றை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்தத் தெருவுக்கு வந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி நான் கட்டிய ஃபீஸ் 6000 ரூபாயும் கொஞ்சமும், எல்.எல்.ஆர்., லைசென்ஸ் வேலை சேர்த்து. இப்போது கூட்டியிருக்கிறார். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மனைப்பிரிவுப் பாடத்தை எல்லோருக்கும் நிரந்தரமாக்கினால் நாலரை. சேருகிறவர்கள் காலை ஆறரை மணி நேரத்தையே கேட்டு வாங்குங்கள். ஒன்பது மணி பேட்ச் காலியாக இருக்கிறது என்று தள்ளிவிடப் பார்ப்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டவே உங்கள் அரை மணி நேரம் முடிந்துவிடும். ஞாயிறு லீவு.